பிள்ளையின்ர முதல் ஹலோவீன், நாங்கள் வளர்ந்த சென் ஜேம்ஸ் ரவுனில: அடிக்கடி கேக்கிற கேள்விகள்

ரொறன்ரோ சென் ஜேம்ஸ் ரவுனில வளர்ந்து பிறகு மார்க்கம், ஏஜக்ஸ், பிரம்ரன் எண்டு போன எங்கட வயசு ஆக்களுக்கு இப்ப ஒவ்வொருத்தரா பிள்ளை பிறக்குது. ஒக்டோபர் 31ல பிள்ளையள் வேசம் போட்டுக் கதவு கதவாத் தட்டி இனிப்பு வாங்கிற நாள் தான் ஹலோவீன். ஒக்டோபர் வந்தா எல்லாரும் ஒரே விசயத்தைத் தான் கேக்கினம், முதல் ஹலோவீனுக்கு பிள்ளையை அம்மா வீட்ட, அந்தப் பழைய பில்டிங்குக்குக் கொண்டு போகலாமோ, அங்க இப்ப ஆர் இருக்கினம், என்ன செய்யலாம் எண்டு. போன வருசம் நாங்கள் ஏஜக்ஸில இருந்து மகளைக் கொண்டு போனனாங்கள், அவளுக்கு அப்ப எட்டு மாசம். என்ர அம்மா இன்னும் அங்க தான் இருக்கிறா. கேட்ட கேள்வியளுக்கெல்லாம் ஒரே இடத்தில பதில் எழுதி வைக்கிறன்.

சென் ஜேம்ஸ் ரவுன் எங்க இருக்கு? நான் ஸ்காபுரோவில வளர்ந்தனான், தெரியாது.

டவுன்ரவுனுக்குக் கொஞ்சம் கிழக்கால, ஷேர்போன் றோட்டுக்கும் பார்லிமென்ட் றோட்டுக்கும் இடையில, வெலஸ்லிக்கு வடக்கால. 19 உயரமான பில்டிங். 1960களில பழைய வீடுகளை இடிச்சுப் போட்டு இளம் வயசு ஆக்கள் தனிய இருக்கவெண்டு கட்டினவை, ஆனா கொஞ்சக் காலத்தில நாட்டுக்குப் புதுசா வந்த குடும்பங்கள் தான் அதுக்குள்ள நிறைஞ்சது. இலங்கையில 83 கலவரத்துக்குப் பிறகு வந்த எங்கட சனத்தில கனபேருக்கு ரொறன்ரோவில முதல் விலாசமே அது தான், ஒரு பெட்றூமில ரெண்டு குடும்பம், ஆராவது புதுசா வந்தா ஹோலில பாய். கனடாவிலயே சனம் நெருக்கமா இருக்கிற இடங்களில இதுவும் ஒண்டு.

எட்டு மாசப் பிள்ளைக்கு ஹலோவீன் தேவையா? அவளுக்கு என்ன விளங்கப் போகுது?

ஒண்டும் விளங்காது, ஞாபகமும் இருக்காது. ஆனா அந்த வயசில பிள்ளை முகத்தைத் தான் பார்க்கும், ஒவ்வொரு கதவும் திறக்க ஒரு புது முகம், அதைப் பார்த்து அவள் வாயைத் திறந்து கொண்டிருந்ததை நான் பார்த்தன், அது எனக்குக் காணும். அதோட அம்மம்மாவுக்கு அது பெரிய நாள். எங்களைப் பெத்து வளர்க்கேக்க அவவுக்கு இரவு வேலை, ஃபக்ரரி ஷிஃப்ட், ஒரு ஹலோவீனுக்கும் எங்களோட நடந்தது கிடையாது, இப்ப பேத்தியைத் தூக்கிக்கொண்டு கதவு கதவா போனா.

ஒண்டு மட்டும் சொல்லுறன், ஏழு எட்டு மாசத்தில பிள்ளையள் ஆள் அறியத் தொடங்கும், தெரியாத ஆக்களைக் கண்டா அழும், மாஸ்க் போட்டவையைக் கண்டா இன்னும் அழும். ஆராவது மாஸ்க்கோட கிட்ட வந்தா கழட்டச் சொல்லிக் கேளுங்கோ, ஒருத்தரும் கோவிக்க மாட்டினம். பிள்ளையை நெஞ்சில கட்டுற கரியரில உங்கட பக்கம் முகம் பார்க்க வையுங்கோ. அழுதா திரும்பி வீட்ட வாங்கோ, அவ்வளவு தான்.

எங்கட காலத்தில எப்படி இருந்தது எண்டு பிள்ளையின்ர அப்பாவுக்குச் சொல்லுறதுக்கு, அவர் கனடாவில வளரேல்லை.

90களில எங்கட பில்டிங்கில ஹலோவீன் எண்டா எலிவேற்றரில உச்சி மாடிக்குப் போய் அங்க இருந்து படியால கீழ இறங்கிறது, ஒவ்வொரு மாடியிலயும் கொறிடோர் முழுக்க ஓடி, கையில தலகணி உறை. மழை எண்டாலும் பனி எண்டாலும் எங்களுக்குக் கவலை இல்லை, வெளிய போகவே தேவையில்லை, வீடுகளில இருந்த பிள்ளையள் கோட்டுக்கு மேல கொஸ்ரியூம் போட்டுக்கொண்டு நடுங்கேக்க நாங்கள் ரீ ஷேர்ட்டோட வேர்த்து விறுவிறுத்து ஓடினம். ஒரு மாடியில மீன் பொரிக்கிற மணம், அடுத்த மாடியில சாம்பிராணி, அடுத்ததில ஆரோ சத்தமா ரிவி.

கழுத்தில யுனிசெஃப்புக்குச் சில்லறைக் காசு சேர்க்கிற செம்மஞ்சள் நிறப் பெட்டி தொங்கும். கனடாவில 1955ல தொடங்கின அந்தப் பெட்டியை 2006ல நிப்பாட்டிப் போட்டினம், அதால இப்ப பிறக்கிற பிள்ளையளுக்கு அது என்னெண்டே தெரியாது. இனிப்பு வாங்கி வைக்காத அன்ரிமார் கதவைத் திறந்து எங்களைப் பார்த்து, இருங்கோ பிள்ளையள் எண்டு உள்ள போய் பேர்சில இருந்து 25 சதம் கொண்டு வந்து அந்தப் பெட்டிக்குள்ளயோ கைக்குள்ளயோ போடுவினம். எங்கட அம்மாமாருக்கு இது என்ன பண்டிகை எண்டு தெரியாது, ஆனா கதவு தட்டின பிள்ளையை வெறுங்கையோட அனுப்பக் கூடாது எண்டு தெரியும். ஒரு அன்ரி பொரிவிளாங்காய் குடுத்தவ. கறுப்பும் செம்மஞ்சளும் பேப்பர் சுத்தின கேர்ஸ் மொலாசஸ் ரொஃபி ஒருத்தருக்கும் பிடிக்காது, எண்டாலும் எறியமாட்டம், டிசம்பர் வரைக்கும் கிடக்கும்.

இன்னொண்டு, அப்ப நேரத்தோட இருட்டிடும். அது ஞாபகப் பிழை இல்லை. முந்தி ஒக்டோபர் கடைசி ஞாயிறு மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னால தள்ளுறது, அதால ஹலோவீனண்டு ஐந்தரைக்கே இருட்டத் தொடங்கிடும். 2007ல இருந்து நவம்பர் முதல் ஞாயிறுக்கு மாத்திப்போட்டினம், இப்ப ஒக்டோபர் 31ல ரொறன்ரோவில சூரியன் படவே ஆறு மணி தாண்டுது. சின்னப் பிள்ளை வச்சிருக்கிற ஆக்களுக்கு இது நல்ல விசயம், கீழ நேரம் பற்றி எழுதியிருக்கிறன்.

இப்ப அங்க என்ன மாறியிருக்கு?

கன விசயம். நான் பிறந்த வெலஸ்லி ஆஸ்பத்திரி இல்லை. புளோர் பக்கம், ஹவார்ட் றோட்டுப் பக்கம் கண்ணாடி கொண்டோ எழும்பியிருக்கு, எங்கட பழைய கொங்கிறீட் பில்டிங்குகள் இப்ப அதுகளுக்குப் பக்கத்தில கட்டையாத் தெரியுது. ஷேர்போன் வெலஸ்லி மூலையில 2004ல லைப்ரரியும் கொமியூனிற்றி சென்ரரும் வந்தது, நாங்கள் சின்னனா இருக்கேக்க அப்பிடி ஒண்டு இருந்திருக்கக் கூடாதா எண்டு நினைப்பன்.

எங்கட சனம் முக்காவாசி போட்டினம். வீடு வாங்கக் காசு சேர்ந்த உடன ஸ்காபுரோ, பிறகு மார்க்கம், ஏஜக்ஸ். அந்தக் கதவுகளுக்குப் பின்னால இப்ப பிலிப்பைன்ஸ் ஆக்கள், நேபாள ஆக்கள், இன்னும் எங்கெங்க இருந்தெல்லாமோ வந்த ஆக்கள், கனபேர் வந்து ரெண்டு மூண்டு வருசம் தான்.

கதவு தட்டுற பழக்கம் குறைஞ்சதுக்கும் காரணம் இருக்கு, அதைச் சும்மா இப்பத்தைய சனம் சரியில்லை எண்டு சொல்லிப்போட்டுப் போகேலாது. 2018 ஓகஸ்டில 650 பார்லிமென்ட் றோட்டு பில்டிங்கில கரண்ட் கோளாறால தீ பிடிச்சு கிட்டத்தட்ட 1,500 பேர் வெளியேற வேண்டி வந்தது, ஹோட்டலிலயும் சொந்தக்காரர் வீட்டிலயும் இருந்திட்டு 2020ல தான் திரும்பி வந்தவை. அந்த வருசம் ஹலோவீனுக்கு கோவிட் காரணமா ரொறன்ரோவில கதவு தட்ட வேண்டாம் எண்டு மாகாண அரசாங்கமே சொல்லிப்போட்டுது. அந்த பில்டிங் பிள்ளையளுக்கு மூண்டு ஹலோவீன் அப்பிடியே போட்டுது. சின்னப் பிள்ளைக்கு மூண்டு வருசம் எண்டுறது எவ்வளவு பெரிய காலம்.

பழைய ஆக்கள் ஒருத்தரும் இல்லாத இடத்துக்குப் பிள்ளையைக் கொண்டு போய் என்ன பிரியோசனம்? கவலை தானே மிஞ்சும்?

இது தான் எனக்கு முக்கியமான கேள்வி, எனக்கும் போறதுக்கு முதல் இது தான் மனசில.

அந்தக் கொறிடோரில போய் நிண்டுகொண்டு, இதில இன்ன அன்ரி இருந்தவ, இதில இன்ன அண்ணா இருந்தவர் எண்டு எண்ணிக்கொண்டு போனா கவலை தான் வரும், அது உண்மை. ஆனா நாங்கள் அங்க வந்த காலத்தில எங்களுக்கு முதல் இருந்த ஆக்களும் எங்களைப் பார்த்து இந்த இடம் மாறிப்போச்சு எண்டு தான் சொல்லியிருப்பினம், எங்கட சமையல் மணத்தைப் பற்றி முறைப்பாடும் போனது. எண்டாலும் கதவைத் திறந்து எங்கட தலகணி உறைக்குள்ள சொக்லேட் போட்ட வயசு போன வெள்ளைக்காரக் கிழவிமார் இருந்தவை. எங்கட ஹலோவீன் நல்லா இருந்தது எண்டா அது அவை கதவைத் திறந்ததால தான்.

இப்ப அந்தக் கதவுக்குள்ள இருக்கிறது என்ர அம்மா. கொறிடோரில நிக்கிறது நேபாளத்துப் பிள்ளை. அந்தப் பிள்ளைக்கு இது மாறிப்போன இடம் இல்லை, அவன்ர ஊர் இது தான், அவன்ர முதல் ஹலோவீனாவும் இருக்கலாம். அதால என்னைக் கேட்டா, போங்கோ, ஆனா குடுக்கிறதுக்கு ஏதாவது கொண்டு போங்கோ. வாங்கிறதுக்கு எண்டு மட்டும் போகாதேங்கோ.

அப்ப பின்னேரம் முழுக்க அம்மா வீட்டுக் கதவடியில இருந்து குடுக்கச் சொல்லுறீங்களோ?

ஓம். பிள்ளையோட அரை மணித்தியாலம் நடந்திட்டு மிச்ச நேரம் கதவைத் திறந்து வச்சு வாசலில கதிரை போட்டு இருங்கோ. பிள்ளை உங்கட மடியில இருந்து வாற பிள்ளையளைப் பார்க்கும், அது அவளுக்கு நடக்கிறதை விட வடிவு.

சின்னச் சின்னப் பெட்டியா வாங்காமல் மொத்தமா பெரிய பெட்டி வாங்குங்கோ, கொஃபி கிறிஸ்ப், ஏரோ, ஸ்மாட்டீஸ் கலந்து வாறது. முடிஞ்சு போனா அந்த பிள்ளையின்ர முகத்தைப் பார்க்கேலாது, அதால கூட வாங்குங்கோ, மிஞ்சினா கீழ வேலை செய்யிற ஆக்களுக்குக் குடுக்கலாம். கச்சானோட சேராத இனிப்பும் சிப்ஸ் பக்கெற்றும் கொஞ்சம் புறம்பா வையுங்கோ. அலர்ஜி இருக்கிற பிள்ளையளுக்காக ஸ்ரிக்கர், பென்சில், சின்ன விளையாட்டுச் சாமான் வச்சு வாசலில நீலப்பச்சை நிறத்தில ஒரு பூசணிக்காய் வைக்கிற வழக்கம் அமெரிக்காவில ரென்னசியில 2012ல தொடங்கினது, இப்ப இங்கயும் கன இடத்தில இருக்கு. பூசணிக்காய் பெயின்ற் அடிக்க நேரம் இல்லாட்டி அந்த நிறத்தில ஒரு பேப்பர் வெட்டி ஒட்டுங்கோ.

கொஸ்ரியூம் இல்லாமல் பிள்ளையள் வருவினம். நீ என்ன வேசம் எண்டு கேக்காதேங்கோ. வந்த முதல் வருசத்தில வீட்டில ஆருக்கும் தெரிஞ்சிருக்காது, தெரிஞ்சாலும் காசு இருந்திருக்காது, எங்கட முதல் ஹலோவீனும் அப்பிடித் தான், அம்மாவின்ர பழைய சீலைத் துண்டைத் தோளில போட்டு ராணி எண்டு போனனாங்கள். மீசை முளைச்ச பெடியள் வந்தாலும் குடுங்கோ. அந்த வயசில ஒரு பின்னேரம் பில்டிங்குக்குள்ள சொக்லேட்டுக்குக் கதவு தட்டித் திரியிறான் எண்டா எனக்கு அதில சந்தோசம் தான்.

பில்டிங்கில எந்தக் கதவைத் தட்டலாம் எண்டு எப்பிடித் தெரியும்?

சில பில்டிங்கில லொபியில ஒரு பேப்பர் ஒட்டி வைப்பினம், இனிப்புக் குடுக்கிற ஆக்கள் தங்கட அப்பார்ட்மென்ட் நம்பரை எழுதி விடுறது. சில இடத்தில கதவில பூசணிக்காய்ப் படம் இருந்தா தட்டலாம், இல்லாட்டி இல்லை. ஒரு கிழமைக்கு முதல் அம்மாவை ஒஃபீஸில கேக்கச் சொல்லுங்கோ. பேப்பர் இல்லாட்டி நீங்களே ஒண்டு ஒட்டலாமோ எண்டும் கேக்கச் சொல்லுங்கோ, எங்கட அம்மா கேட்டு ஒட்டினவ, பக்கத்து வீட்டு பிலிப்பினோ அன்ரி அதை தங்கட ரகாலொக் மொழியில கீழ எழுதிவிட்டா, அதுக்குப் பிறகு தான் நம்பர் கூடினது. இப்ப வாசல் திறக்க ஃபொப் எண்ட மின்சாவி வேணும், முந்தி மாதிரி சும்மா உள்ள போகேலாது, ஆரும் வந்து கூட்டிக்கொண்டு போகவேணும்.

ஸ்ரோலர் கொண்டு போகாதேங்கோ. அண்டைக்கு எலிவேற்றர் நிறைஞ்சு வரும், அதில ஒண்டு பழுதாவும் இருக்கும்.

எத்தினை மணிக்கு?

நாலரைக்கும் ஆறுக்கும் இடையில. ஏழு மணிக்கு நித்திரை கொள்ளுற பிள்ளை எண்டா இது சரியா வரும், வெளிச்சமும் இருக்கும், பெரிய பிள்ளையள் ஓடித்திரியிற நேரம் ஆறரைக்குப் பிறகு தான். கழிஞ்சு வீட்ட போகேக்க காரில நித்திரையாப் போடுவா.

கொஸ்ரியூம் என்ன போடலாம்?

பிள்ளை போடுற நித்திரை உடுப்பு மாதிரி மெத்தெண்டு, முன்னால சிப் இருக்கிறதா, பம்பர்ஸ் மாத்த லேசா. எங்கட மகள் பூசணிக்காய். மாஸ்க் வேண்டவே வேண்டாம், மூச்சுக்கு ஆபத்து, பார்வையையும் மறைக்கும். முகத்தில பெயின்ற்றும் வேண்டாம், தோலுக்கு ஒத்து வராது, கையால தேய்ச்சு வாயுக்குள்ள வைக்கும். கழுத்தில கட்டுற நூல், கேப் ஒண்டும் கூடாது.

பொம்மைக் கண்ணும் பொத்தானும் இழுத்துப் பார்த்து கழருதோ எண்டு பாருங்கோ. மின்னுற லைட் வச்ச உடுப்பு, பற்றறி மெழுகுதிரி, இதுகளுக்குள்ள இருக்கிற வட்டமான சின்ன பட்டன் பற்றறி தான் எனக்கு எல்லாத்திலும் பயம். பிள்ளை விழுங்கினா ரெண்டு மணித்தியாலத்துக்குள்ளயே தொண்டைக்குழாயை உள்ளுக்க எரிச்சுப் போடும், சந்தேகம் வந்தாலே உடன எமேர்ஜென்சி, காத்திருந்து பார்க்கிற விசயம் இல்லை. ஸ்க்ரூ போட்டு மூடாத சாமான் எண்டா வீட்டுக்குள்ள எடுக்க வேண்டாம்.

காரில போகேக்க மொத்தமான கொஸ்ரியூமைப் போட்டு கார் சீற் பெல்ட் கட்டாதேங்கோ, பஞ்சு அமுங்கி பெல்ட் தொய்ஞ்சு நிக்கும். போய் இறங்கின பிறகு மாத்துங்கோ. கொறிடோர் சூடா இருக்கும், அதால உள்ளுக்க மெல்லிசா ஒண்டு காணும், வெளிய போறதெண்டா மேல போர்வை.

கிடைக்கிற இனிப்பை என்ன செய்யிறது?

நீங்களும் அம்மம்மாவும் சாப்பிடுங்கோ. ஒரு வயசுக்கு முதல் தேன் சேர்ந்த ஒண்டும் குடுக்கக் கூடாது, கெட்டியான ரொஃபி, முழுக் கச்சான், பொப்கோர்ன் எல்லாம் நாலு வயசு மட்டும் தொண்டையில சிக்கும். தவழுற பிள்ளை எண்டா நிலத்தில விழுந்த பேப்பரையும் பொறுக்குங்கோ, ரொஃபியை விட அது தான் முதலில வாய்க்குப் போகும்.

பிள்ளைக்கு எண்டு ஏதாவது வேணுமெண்டா பூசணிக்காயை அவிச்சு மசிச்சுக் குடுங்கோ. வெட்டி முகம் செய்யிற பெரிய காய் தண்ணியா இருக்கும், பை செய்யிறதுக்கு விக்கிற சின்னக் காய் தான் ருசி. இரவு முழுக்க மெழுகுதிரி எரிஞ்ச காயை எடுத்துச் சமைக்காதேங்கோ.

அம்மா சொல்லுறா இது பேய்க்குக் கொண்டாட்டம், பச்சைப் பிள்ளையைக் கொண்டு திரியக் கூடாது, கண்ணூறு படும் எண்டு. என்ன சொல்லுறது?

அவவோட சண்டை பிடிக்காதேங்கோ. கண்ணூறுக்குக் கன்னத்தில பொட்டு வைக்கட்டும், பூசணிக்காய் வேசத்துக்குக் கறுப்புப் பொட்டு நல்லாத் தான் இருக்கும், திரும்பி வந்து நாவூறு கழிக்கட்டும், எங்கட அம்மா ரெண்டும் செய்தவ.

பேய் எண்டு பயப்பிடுறவைக்கு நான் இப்பிடித் தான் விளங்கப்படுத்தினனான். நவம்பர் 1 கத்தோலிக்கருக்கு எல்லாப் புனிதர்களின்ர நாள், 2 செத்த எல்லாருக்குமான நாள், யாழ்ப்பாணத்தில சேமக்காலையில போய் மெழுகுதிரி கொளுத்திறது அண்டைக்குத் தானே. நவம்பர் 1க்கு முதல் நாள் இரவு தான் ஹலோவீன், அயர்லாந்து ஸ்கொட்லாந்து சனம் கப்பலில கொண்டு வந்தது, அங்க அவை கிழங்கைத் தோண்டி விளக்கு வச்சவை, இங்க வந்து பூசணிக்காய் கண்டவுடன அதுக்கு மாறினவை. இனிப்புக்குக் கதவு தட்டுறதும் இங்க பழசு, 1927ல அல்பேர்ட்டாப் பக்கத்துப் பத்திரிகைச் செய்தியிலயே ட்ரிக் ஓர் ட்ரீட் எண்ட சொல் இருக்கு. எங்கட சனமும் செத்துப்போன அப்பாவுக்கு ஆடி அமாவாசை, செத்துப்போன அம்மாவுக்குச் சித்திரைப் பறுவம் எண்டு விரதம் இருக்கிறவை. போன ஆக்களை நினைக்கிற நாள் எல்லாச் சனத்துக்கும் இருக்கு. இதைச் சொன்ன பிறகு அம்மா ஷேர்போனில இருக்கிற லூர்து மாதா கோயிலைக் காட்டி, ஓம் அங்க நவம்பரில பூசை வைக்கிறவை எண்டா. அதோட பேய்க்கதை முடிஞ்சுது. எலும்புக்கூட்டுப் படம் போட்ட உடுப்பு மட்டும் பிள்ளைக்குப் போட விடமாட்டன் எண்டு சொல்லிப்போட்டா, அது அவவின்ர உரிமை.

தீபாவளியோட வந்தா? கந்தசஷ்டி விரதம் எண்டா?

2024ல தீபாவளியும் ஹலோவீனும் ஒரே நாள், ஒக்டோபர் 31. காலமை கோயில், பின்னேரம் கதவு தட்டுறது எண்டு கன வீட்டில நடந்தது. 2026ல தீபாவளி நவம்பர் 8, ஒரு கிழமை தள்ளி. சஷ்டி ஆறு நாளும் வீடு மரக்கறி எண்டா, கம்மி (gummy) இனிப்பு, மார்ஷ்மலோ இதுகளில ஜெலற்றின் இருக்கும், அது மிருகத்தின்ர எலும்பு தோலில இருந்து எடுக்கிறது, பக்கெற்றைத் திருப்பிப் பாருங்கோ. வெறும் சொக்லேட் பிரச்சினை இல்லை.

பார்லிமென்ட் றோட்டுக்கு அங்கால கபேஜ்ரவுன் பக்கம் கொண்டு போகலாமா?

கட்டாயம், வெளிச்சத்தோட. அந்தப் பழைய விக்ரோரியன் வீடுகளுக்கு முன்னால செய்யிற சோடினையைப் பார்க்கவே சனம் வரும். நாங்கள் பில்டிங் முடிச்சிட்டு கடைசியா றோட்டைக் கடந்து அங்க தான் ஓடுறது, முழுச் சைஸ் சொக்லேட் குடுக்கிற வீடுகளை எல்லாருக்கும் தெரியும். புகை விடுற, திடீரெண்டு சத்தம் போடுற வீடுகளைத் தாண்டிப் போங்கோ. பகல் நேரமெண்டா ரிவர்டேல் ஃபார்ம், காசு கட்டத் தேவையில்லை, ஆடு மாடு பன்றி எல்லாம் நிக்கும், எட்டு மாசப் பிள்ளைக்கு உண்மையில எல்லாச் சோடினையையும் விட மாடு தான் பெரிசு. பக்கத்தில 1850ல திறந்த நெக்ரோபொலிஸ் சேமக்காலை, இலை உதிருற நேரம் நல்ல வடிவு, அம்மம்மாவைக் கூட்டிக்கொண்டு போறதெண்டா அந்தப் பக்கத்தைத் தவிருங்கோ.

ஃபோட்டோ?

உங்கட பிள்ளையை, உங்கட அம்மாவை, அந்தப் பழைய கதவை எடுங்கோ. வாற பிள்ளையளை எடுக்க வேண்டாம், தாய் தேப்பன் பக்கத்தில நிண்டு ஓம் எண்டா மட்டும்.

முடிஞ்ச பிறகு பூசணிக்காயை என்ன செய்யிறது? அம்மா வீட்டில பல்கனி தான் இருக்கு.

மெழுகுதிரி, ஸ்ரிக்கர் எல்லாத்தையும் எடுத்திட்டு சாப்பாட்டுக் கழிவு போடுற கிறீன் பின்னுக்குள்ள போடலாம், பில்டிங்கில அது எங்க இருக்கெண்டு அம்மாவுக்குத் தெரியும். பல்கனியில விட்டா அணில் வரும், பிறகு பழுதாகி வடியும். நவம்பர் 1 பின்னேரம் நேரம் இருந்தா சோறோரன் பார்க்குக்குக் கொண்டு போங்கோ, 2004ல இருந்து அங்க சனம் தங்கட காயைக் கொண்டு வந்து வரிசையா வச்சு இன்னொருக்கா விளக்கேத்தினம், இப்ப வேற பார்க்குகளிலயும் செய்யினம். காயை அங்க விட்டிட்டு வரலாம், சிற்றி வந்து அள்ளிக்கொண்டு போகும்.